ஜெயசீலன் கை

அன்று பிற்பகல் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள்:

டாக்டர் கார்மேகம், அறுவை மருத்துவர். அந்த மருத்துவமனைக்கு மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.
டாக்டர் பெனாசிர், டியூட்டி டாக்டர். படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் இடம் இது.
சிஸ்டர் வேதமணி. அறுவை அரங்கின் சாவி இவர் இடுப்பில் இருக்கும்.
டாக்டர் ஜெயசீலன், சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்தவர். ஒன்றாம் கட்டிலில்.
தணிகாசலம், அவருடைய கார் டிரைவர். இரண்டாம் கட்டிலில்.
ஜெயசீலன் கை. இது ஆள் இல்லை, ஒரு வலது கைக் கையுறை. ஆனால் அங்கே மரியாதை அதிகம் இதற்குத்தான் என்பதால் விட்டுவிட முடியாது.

நாற்கரச் சாலையில் முன்னால் போன லாரி பிரேக் அடித்தது. பின்னால் வந்த அரசாங்கக் கார் அதற்குள் போய்ச் சொருகிக்கொண்டது. முன் சீட்டில் தணிகாசலம், பின் சீட்டில் ஜெயசீலன். இரண்டு பேரும் பெல்ட் போட்டிருந்ததால் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

ஒன்றாம் கட்டிலில் கிடப்பது யார் என்று தெரிந்ததும் கார்மேகத்துக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இங்கேயும் வந்துவிட்டானா என்று. உண்மையில் ஜெயசீலன் ஏற்கெனவே அங்கே இருந்தார். சுவரில் கைகட்டிச் சிரிக்கும் போஸ்டராக இருந்தார். ஸ்டீல் தட்டில் பச்சைத் துணி விரித்து வைத்த கையுறையாக இருந்தார். நாள் முழுக்கக் காதில் விழும் குரலாக இருந்தார்.

கையுறை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். விபத்தில் வயிற்றில் ஊமையடி பட்டு வருகிறவனைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே குடல் கிழிந்திருக்கும், மண்ணீரல் பிளந்திருக்கும். அல்ட்ராசவுண்ட் சிலதைக் காட்டும், சிலதைக் காட்டாது. மிச்சத்தைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போவதில் பிரயோசனமில்லை. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், அதுவும் முதலில் தொட்ட அதே கை பார்க்க வேண்டும். முன்பு மெத்தென்று இருந்த இடம் இப்போது விறைக்கிறதா என்பது முன்பு தொட்ட விரல்களுக்குத்தான் தெரியும். 'ஒரே கை' என்பார்கள். இந்த வழக்கத்துக்காகவே டியூட்டி முடிந்த பிறகும் வார்டிலேயே கிடந்து, பொண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் கார்மேகம்.

கையுறை வந்து அந்த வழக்கத்துக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. ஜெயசீலன் வருஷக்கணக்காக வயிறுகளை அமுக்கிப் பார்த்த பதிவுகளைக் கொண்டு பழக்கிய கையுறை. யார் மாட்டிக்கொண்டாலும் விரலடியில் இருப்பதை அது ஜெயசீலனைப் போல உணரும். முந்தைய தொடுகையை மறக்காது. முடிவை ஜெயசீலனின் குரலிலேயே சொல்லும். "பயப்பட ஒண்ணுமில்ல" என்றால் பச்சை. "திறந்து பாத்துடலாம்" என்றால் சிவப்பு. காலையில் ஒருவர் பார்க்கலாம், மதியம் வேறொருவர் பார்க்கலாம். மாநிலம் முழுக்க ஒரே கை ஆகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் மூன்று அறுவை மருத்துவர்கள் எதற்கு? ஒருவர் போதும். பெரிய ஸ்கேன் இயந்திரம் எதற்கு? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒன்று இருந்தால் போதும்.

அதெல்லாம் போகட்டும் என்று கார்மேகம் விட்டிருப்பார். மகளுக்கு வயிற்றுவலி வந்த அன்று நடந்ததைத்தான் அவரால் விட முடியவில்லை. அவரே அமுக்கிப் பார்த்து, வாயு, ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு, அவருடைய மனைவி ஆட்டோ பிடித்துப் பிள்ளையை இதே வார்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். "நீங்க பாத்தீங்க, சரி. அந்தக் கையும் ஒரு தடவை பாத்துடட்டுமே." கையுறை சொன்ன பதிலும் அதேதான். வீட்டில் நம்பியது அந்தப் பதிலை.

ஜெயசீலனும் கார்மேகமும் ஒரே வகுப்பு, ஒரே ஹாஸ்டல், பிறகு ஒரே யூனிட்.

"சார், பிரஷர் நல்லா இருக்கு" என்றாள் பெனாசிர். "அல்ட்ராசவுண்ட் வச்சுப் பார்த்தேன், உள்ளே ரத்தம் எங்கேயும் தேங்கலை. கையுறையும் பச்சை."

"யாரு, ஜெயசீலன் கை ஜெயசீலனைப் பாத்துச் சொல்லுச்சா?"

கட்டிலில் கிடந்தவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏல மேகம், என் குரலே என்கிட்ட வந்து பயப்பட ஒண்ணுமில்லங்குது. நோயாளிக்கு எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தாம்ல தெரியுது. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே."

"முதுகுல குத்துதுல்லா."

கார்மேகம் போர்வையை விலக்கினார். தொப்புளுக்கு மேலே பெல்ட் அழுத்திய இடத்தில் கையகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, இடது கையை விலாவுக்குக் கீழே முதுகுப்புறமாக நுழைத்தார். வலது கையை மேலே வைத்தார். அமுக்கவில்லை. மூச்சு வந்து போகும்வரை காத்திருந்தார்.

"அந்த ரெண்டு கை வித்தையை நீ இன்னும் விடலையா?" என்றார் ஜெயசீலன். "நம்ம யூனிட் சீஃப் அப்பவே சொன்னாரு, இவன் மாவு பிசையுதான்னு."

"வாய மூடிட்டு மூச்சு விடு."

சொல்லிவிட்டு ஜெயசீலனின் முகத்தையே பார்த்தார். கீழிருந்து இடது கை மெல்ல ஏந்தியபோது, வலது பக்கம், ஆழத்தில், முன்சுவருக்கும் முதுகெலும்புக்கும் நடுவே எங்கேயோ, நனைந்த சாக்கு மாதிரி ஒரு கனம். ஜெயசீலனின் இமை துடித்தது. மேலே வைத்த கை மட்டும் இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது.

தெரிந்ததா, தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டதா?

இதுதான் கார்மேகத்தின் சிக்கல். போன மழைக்கு முன்பு ஒரு பையனின் வயிற்றைக் கையுறை பச்சை என்று சொல்லியும் அவர் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. விசாரணை வைத்தார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ரத்த வங்கியில் உட்கார வைப்போம் என்று நாகரிகமான வார்த்தைகளில் சொன்னார்கள். அன்று அவருடைய விரல்கள் சத்தியமாக ஒரு விறைப்பை உணர்ந்தன. அது அந்தப் பையன் வயிற்றில் இருந்ததா, தன் வயிற்றெரிச்சலா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

"காத்திருப்போம்" என்றார். "திரும்ப நானே பாக்குறேன். வேற யாரும் தொட வேண்டாம்."

இரண்டாம் கட்டிலைக் கடந்தபோது தணிகாசலம் எழுந்து உட்கார்ந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. கைகளை வயிற்றின் மேல் கட்டியிருந்தான்.

"ஐயாவுக்கு எப்படி சார் இருக்கு?"

"பாத்துட்டிருக்கோம். நீ படு."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். லேசா வலி, அவ்ளோதான். ஐயாவப் பாருங்க சார். அவருக்கு எதுனா ஆச்சுன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. லாரிக்காரன் மேலதான் சார் தப்பு, எழுதிக்கோங்க சார்."

"இவருக்கும் பச்சைதான்" என்றாள் பெனாசிர்.

கார்மேகம் தலையசைத்துவிட்டு நடந்தார். அவர் மனசெல்லாம் ஒன்றாம் கட்டிலில் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து ஜெயசீலன் வாந்தி எடுத்தார். நாடி ஏறியிருந்தது. நெற்றியில் வியர்வை. பெனாசிர் கையுறையை மாட்டிக்கொண்டு முன்பக்கமாக, புத்தகத்தில் போட்டிருப்பது போல நான்கு இடத்தில் அமுக்கினாள். "பயப்பட ஒண்ணுமில்ல" என்றது அது, நம்பிக்கையான, கொஞ்சம் கரகரத்த குரலில். கட்டிலில் கிடந்தவரின் குரல் அதைவிட மெலிந்திருந்தது.

கார்மேகம் இரண்டு கைகளையும் கொடுத்துப் பார்த்தார். சாக்கு இப்போது மரமாகியிருந்தது. சந்தேகமே இல்லை. அந்த நிமிஷத்தில் அவருக்குள் எழுந்தது சந்தோஷம். அதை அவர் தனக்குள் மறைத்துக்கொள்ளக்கூட முயலவில்லை.

"சிஸ்டர், ராமசுப்புவுக்குப் போன் போடுங்க. மயக்க மருந்து கொடுக்கணும். தியேட்டர் ரெடி பண்ணுங்க."

வேதமணி அசையவில்லை. "சார், பச்சைன்னு சொல்லுதே. போன தடவை மாதிரி ஆயிடப் போவுது. இவருன்னா பச்சைக்கும் ஆம்புலன்ஸ் குடுப்பாவ, பேசாம மாவட்டத்துக்கு அனுப்பிருவோமே?"

"அங்க போனா என்ன செய்வாங்க?"

வேதமணி யோசித்தார். "கையுறை வச்சுப் பாப்பாவ."

"பாத்துட்டு?"

"பச்சைன்னா ஸ்கேன் கிடையாது, வார்டுல படுக்கப் போடுவாவ" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேசாமல் போன் பக்கம் போனார். ராமசுப்பு ஊருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டி வர வேண்டும்.

பெனாசிரும் சம்மதப் பத்திரம் எடுக்கப் போனதும், ஜெயசீலன் கார்மேகத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்க கிழிஞ்சிருக்கு?"

"முன்சிறுகுடல். பின்பக்கமா. அதான் வயித்துக்குள்ள ஒழுகலை, அல்ட்ராசவுண்டுல தெரியலை. முதுகுப் பக்கம் கசிஞ்சு பரவுது."

"பெல்ட்டுக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல நசுங்கியிருக்கும்." ஜெயசீலன் கண்ணை மூடிக்கொண்டார். "நான் எப்பவும் விடுற எடம்."

"என்ன?"

"ஏல, தெரியாத மாதிரி கேக்காத. யூனிட்ல நான் விட்டதை எல்லாம் புடிச்சது யாரு? நான் பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவேன். நீ அங்கயே கெடந்து, மறுபடி மாவு பிசைஞ்சு, கண்டுபிடிச்சிருவ. காலைல ரவுண்ட்ஸ்ல எல்லார் முன்னாலயும் சொல்லுவ. சத்தம் போடாமத்தான் சொல்லுவ. அதுதான் எனக்கு எரியும்."

கார்மேகத்துக்கு, பல வருஷமாகத் தன்னிடம் மட்டும் இருப்பதாக நினைத்திருந்த ஒரு பொருளை இன்னொருவன் பையிலிருந்து எடுத்துக் காட்டியது போல இருந்தது.

"கையுறை பழக்குறப்ப ரெண்டு பேரு பதிவும் வச்சிருந்தாவ" என்றார் ஜெயசீலன். "என்னுது, உன்னுது. ஒரே நோயாளி, ரெண்டு கை. நம்ம ரெண்டு பேரும் ஒத்துப்போகாத கேஸ் எல்லாம் மெஷினைக் குழப்பும், எடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன். நியாயமாத்தான் பட்டுச்சு அவங்களுக்கு."

"அதுல எத்தனை எனக்குச் சரியா இருந்துச்சு?"

"அதையெல்லாம் உள்ள விட்டிருந்தா இந்தக் கையுறைக்கு உன் பேருதாம்ல வச்சிருப்பாவ."

வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போனார்கள். கார்மேகம் போஸ்டரைப் பார்த்தார். மாநிலம் முழுக்க எத்தனை ஊரில் இதே போஸ்டர், எத்தனை தட்டில் இதே கையுறை, இதே இடத்தில் கிழிந்த எத்தனை பேரை அது வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்று ஒரு கணக்கு மனதில் ஓட ஆரம்பித்தது. ஓடி, சீக்கிரமே நின்றது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. என் பேர்.

"மேகம், கேளு. ராமசுப்பு வர்ற வரைக்கும் நேரம் இருக்கு. கையுறைய நீ மாட்டு. இடது கைய கீழ குடுத்து உன் மாதிரி அமுக்கு. அது பச்சைன்னு சொல்லும். நான் தப்புன்னு சொல்லுதேன், சிவப்புன்னு சொல்லுதேன். என் குரல் சொன்னாத்தான் அது தன்னைத் திருத்திக்க விடும். நாலஞ்சு தடவை செஞ்சா புரிஞ்சிக்கும். இன்னைக்கே எல்லா ஊரு கையுறைக்கும் போயிரும்." மூச்சு வாங்கினார். "இந்த மாதிரி வயிறு கெடச்சு, நானும் முழிச்சிருந்து, நீயும் பக்கத்துல இருக்கிறது இனி நடக்காது."

"யார் பேர்ல போகும்?"

ஜெயசீலன் அவரைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல. யார் பேர்ல?"

"கை ஒண்ணுதானடா. பேரு எப்படி மாத்த முடியும்?"

கார்மேகம் தட்டில் கிடந்த கையுறையைப் பார்த்தார். விரல்கள் லேசாக மடங்கி, எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பது போல் கிடந்தது. கடைசியாக மிச்சமிருப்பதும் அதற்குள் போய்விட்டால், அப்புறம் தன்னிடம் எதுவும் இல்லை. இடது கைகூட ஜெயசீலன் கை ஆகிவிடும். மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாள். 'திறந்து பாத்துடலாம்' என்று அந்தக் குரல் சொல்லும். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

"நேரமில்லை" என்றார்.

"ராமசுப்பு இன்னும்..."

"உனக்கு நாடி ஏறிட்டிருக்கு. நேரமில்லை."

ரயில்வே கேட் அடைத்திருந்தது. ராமசுப்பு வந்து சேர வெகுநேரம் ஆனது. அதற்குள் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ரத்தத்துக்குச் சொல்லி அனுப்பி, செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்தாகிவிட்டது. மிச்ச நேரத்தைக் கார்மேகம் கை கழுவும் தொட்டியில் செலவழித்தார். நகக்கண், விரலிடுக்கு, முழங்கை. பிறகு மறுபடியும் நகக்கண். ஒன்றாம் கட்டிலிலிருந்து ஜெயசீலன் இரண்டு முறை கூப்பிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டார்.

ஜெயசீலனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ராமசுப்பு மயக்க மருந்தை ஏற்றினார். "தூங்கியாச்சு, வாங்க" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

ஈரக் கைகளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி கார்மேகம் அரங்கின் கதவை நோக்கி நடந்தார். எதையும் தொடக்கூடாது. அந்தக் கைகள் இப்போது ஒரே ஒரு வயிற்றுக்குச் சொந்தம்.

"சார், ஒரு நிமிஷம்." பெனாசிர் பின்னால் ஓடி வந்தாள். "டிரைவர் வாந்தி எடுத்தாரு. முதுகு குத்துதுன்னு இப்பத்தான் சொல்றாரு. முதல்லயே இருந்துச்சாம், சொன்னா ஐயாவ விட்டுட்டு இவரைப் பாப்பீங்கன்னு சொல்லலையாம்."

கார்மேகம் திரும்பினார். இரண்டாம் கட்டிலில் தணிகாசலம் ஒருக்களித்துக் குறுகிக் கிடந்தான். வேர்த்துக் கொட்டியதில் சட்டையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். தொப்புளுக்கு மேலே, குறுக்கே, கையகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது.

"மாவட்டத்துக்கு அனுப்பு."

"கேட்டுட்டேன் சார். பச்சைன்னா ஆம்புலன்ஸ் தர மாட்டோம்ங்கிறாங்க. ரூல் அப்படி."

"அப்ப கையுறையக் கழட்டி வை. இடது கைய முதுகுக்குக் கீழ குடு. வலது பக்கம், ஆழத்துல. விறைப்பு கூடுதான்னு பாரு."

பெனாசிர் தன் கைகளைப் பார்த்தாள். வேறு யாருடையவோ கைகளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"விறைப்புன்னா எப்படி சார் இருக்கும்? நாங்க படிச்சதெல்லாம் கையுறை போட்டுத்தான். வெறும் கையால நான் வயிறே தொட்டது இல்லை."

"சார், உள்ள பிரஷர் எறங்குது" என்று ராமசுப்பு கூப்பிட்டார். "ஆரம்பிக்கணும்."

கார்மேகம் வாயைத் திறந்தார். சொல்வதற்கு நிறைய இருந்தது. வார்த்தையில் சொல்லக்கூடியதாக எதுவும் இல்லை. உயர்த்திய கைகளிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"நானே மறுபடி கையுறை வச்சுப் பாத்துடுறேன் சார்" என்றாள் பெனாசிர், அவரைச் சமாதானப்படுத்துகிற குரலில். "நீங்க போங்க."

முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே போனார். எப்போதோ ஒரு சமயம், அறுத்துக்கொண்டிருக்கும்போதே செத்துப்போன ஒருவனின் சொந்தக்காரர்கள் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கியதிலிருந்து, அந்த அரங்கில் ஒரு வழக்கம் இருந்தது. அறுவை முடியும்வரை கதவு உள்பக்கம் பூட்டியிருக்கும். யார் தட்டினாலும் திறக்கமாட்டார்கள்.

மேசை மேல் ஜெயசீலன், வாயில் குழாயோடு, அசைவில்லாமல் கிடந்தார். வேதமணி கதவைச் சாத்த வந்தார். இடுக்கு குறுகிக்கொண்டே வந்தது. அதன் வழியாக, இரண்டாம் கட்டில் பக்கமிருந்து, ஜெயசீலனின் குரல் தெளிவாக, கொஞ்சம் கரகரப்பாகக் கேட்டது.

"பயப்பட ஒண்ணுமில்ல."

வேதமணி தாழ்ப்பாளைப் போட்டு, சாவியைத் திருப்பி, எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.